ஷெனாய் கேட்டால் ஏன் சாவு வீடு ஞாபகம் வருகிறது?

21 டிசம்பர் 2024, இரவு

இங்கே ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: "தங்கையின் நிச்சயதார்த்தத்தில் சன்னமாக ஷெனாய் ஓடவிட்டோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பெரியப்பா வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். நல்ல காரியத்தில் சாவு மியூசிக் எதுக்கு என்று கோபம். வடக்கே கல்யாணத்துக்கு வாசிப்பதே ஷெனாய்தானே? நமக்கு மட்டும் அது எப்படிச் சாவு மியூசிக் ஆனது?"

நான் பெரியப்பா கட்சி. என்னாலும் அந்தச் சத்தத்தை இரண்டு நிமிஷம் கேட்க முடியாது.

காரணம் ரேடியோ. அந்தக் காலத்தில் பெரிய தலைவர் யாராவது இறந்துவிட்டால் வானொலியில் பாட்டு, நாடகம், விளம்பரம் எல்லாம் நின்றுவிடும். செய்தி வரும், அப்புறம் சோக இசை. மறுபடி செய்தி, மறுபடி சோக இசை. ஷெனாய், சாரங்கி, வீணை, வயலின் என்று மாறி மாறி வரும். யார் வாசிக்கிறார்கள், என்ன ராகம் என்று ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 1984 அக்டோபர் 31 இந்திரா காந்தி, 1987 டிசம்பர் 24 எம்ஜிஆர், 1991 மே 21 ராஜீவ் காந்தி. அந்த வருஷங்களில் இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சினிமாவும் சேர்ந்துகொண்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒருவர் கட்டிலில் கண்ணை மூடினால் உடனே ஷெனாய்தான். இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் குழுவில் ஷெனாய் வாசித்த சத்தியத்துக்கு வாத்தியத்தின் பெயரே முன்பெயராகிவிட்டது, ஷெனாய் சத்தியம்.

என் அப்பா மன்னார்குடியில் ரேடியோ மெக்கானிக். பழுது பார்த்து முடித்த செட்டையெல்லாம் திருச்சி நிலையத்தில் வைத்துத்தான் சோதிப்பார். 1939-இல் தொடங்கிய நிலையம் அது, அதில் தெளிவாகக் கேட்டால் செட் சரி என்பது அவர் கணக்கு. எம்ஜிஆர் இறந்த அன்று அவர் மேஜைமேல் ஐந்து ரேடியோ இருந்தன. ஐந்திலும் ஒரே ஷெனாய். வால்வு செட்டில் சத்தம் கனமாக வரும், சின்ன டிரான்சிஸ்டரில் கீச்சென்று வரும். ஒன்றுக்கு டயல் நூல் அறுந்திருந்தது, முள் நகராமலே பாடிக்கொண்டிருந்தது. ஈயம் உருகிய வாசனை. எனக்கு எட்டு வயது. ஐந்தையும் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஷெனாய் கேட்டாலும் அந்த ஈய வாசனை மூக்கில் ஏறுகிறது.

21 டிசம்பர், அதே இரவு, கொஞ்சம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டு எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அன்று எங்கள் வீட்டிலும் சாவு. மதுக்கூர் பக்கத்துக் கிராமத்தில் அம்மாச்சி இறந்துபோனார். ஊரெல்லாம் எம்ஜிஆருக்கு அழுதுகொண்டிருக்க, அம்மா தன் அம்மாவுக்கு அழுதார்.

22 டிசம்பர்

சோகம் ஸ்வரத்திலேயே இருக்கிறதா, நாம்தான் ஏற்றி வைக்கிறோமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நேற்று இதையே மகளின் கீபோர்டில் செய்து பார்த்தேன். நான் முறையாகப் பாட்டுப் படித்தவள் இல்லை. ஆனால் இது யாருக்கும் வரும்.

ச ரி க ப த. C கட்டையை ச-வாக வைத்தால் எல்லாமே வெள்ளைக் கட்டை. மேலே போய்க் கீழே வந்தால் மோகன ராகம். காலையில் கோலம் போட்ட வாசல் மாதிரி இருக்கும். இப்போது மற்ற நான்கையும் தொடாமல், க-வை மட்டும் அதற்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு மாற்றுங்கள். சிவரஞ்சனி. ஒரே ஒரு கட்டை, அதுவும் பக்கத்துக் கட்டை. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. சினிமாவில் ஆயிரம் பேரை அழவைத்த கட்டை அது.

பதினான்கு வயது மகளிடம் வாசித்துக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ராத்திரி பஸ்ல ஜன்னலோர சீட்ல போற மாதிரி நல்லா இருக்கும்மா" என்றாள். சோகமா என்றேன். யோசித்து, இல்லை என்றாள்.

முகாரி ராகத்தையும் சொல்ல வேண்டும். யாராவது புலம்பினால் "முகாரி பாடாதே" என்கிறோம். அவ்வளவு கெட்ட பெயர் அதற்கு. அதே முகாரியில்தான் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று வியந்து பாடியிருக்கிறார். ராமனை நேரில் கண்டு, கையால் கனி கொடுத்து உபசரித்த கிழவியின் பாக்கியம். அதைக் கேட்கும்போது சந்தோஷம் தாங்காமல் கண்ணில் நீர் வருமே, அந்த மாதிரிதான் எனக்கு வருகிறது. பாதி ஸ்வரத்தில் இருக்கிறது, பாதி நம் தலையில் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. பாதிக்குப் பாதியா என்று கேட்காதீர்கள்.

22 டிசம்பர், மாலை

நாதஸ்வரமும் ஷெனாயும் ஒன்றா என்று கேட்டவருக்கு: உறவு உண்டு. இரண்டும் சீவாளி என்ற நாணல் துண்டை வாயில் வைத்து ஊதுவது. நாதஸ்வரம் நீளம், கோயில் வீதிக்கென்றே அமைந்த குரல். ஷெனாய் குட்டை, குரலும் குழைவு. நமக்கு நாதஸ்வரம் எப்படி மங்கல வாத்தியமோ அவர்களுக்கு ஷெனாய் அப்படி. பிஸ்மில்லா கான் 1947-இல் சுதந்திரம் வந்த வேளையில் செங்கோட்டையில் வாசித்தது ஷெனாய். 1950 ஜனவரி 26, குடியரசு நாளிலும் அவர்தான். ஒரு நாடு பிறந்ததற்கு வாசித்த வாத்தியத்தை நாம் சாவுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. வருத்தப்பட்டு என்ன, கேட்க முடியவில்லையே.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவதே, தும்மலோ அழுகையோ அபசகுனமாக எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான் என்பார்கள். பெரியப்பாவுக்கு அந்த ஹாலில் கெட்டிமேளம் இல்லை. அதனால் ஸ்விட்சை அணைத்தார். அவரைத் திட்டாதீர்கள்.

23 டிசம்பர்

இன்று விஷயம் வேறு பக்கம் போய்விட்டது. எம்ஜிஆர் பாட்டா, சிவாஜி பாட்டா, எது அதிகம் அழவைக்கும் என்று நாற்பது பதில். என் ஓட்டு சிவாஜிக்கு. அழுகைக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை.

எங்கள் வீட்டில் அப்பா எம்ஜிஆர், அம்மா சிவாஜி. அம்மா எவ்வளவு தீவிரம் என்றால், குறிப்பிட்ட ஒரு எம்ஜிஆர் பாட்டு, நல்ல துள்ளலான பாட்டு, டிவியில் வந்தால் கையில் இருக்கிறதை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பாட்டு முடிந்துதான் வருவார். "சிவாஜி ரசிகை எந்திரிச்சாச்சு" என்று அண்ணன் கத்துவான். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். கேபிள் வந்த காலத்திலிருந்து இது எங்கள் வீட்டு வேடிக்கை.

24 டிசம்பர்

முப்பத்தேழு வருஷம். அம்மாச்சி படத்துக்குப் பூ வைத்தேன்.

அன்று நடந்ததை எழுதுகிறேன். காலை ஏழு மணிக்குக் கேதம் சொல்ல ஒருவர் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. தெரிந்த கார்க்காரர் இருந்தார், வழியில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், கல்லெறிகிறார்கள், வண்டியை வெளியே எடுக்க முடியாது என்றுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. பதினொரு மணி வரை அலைந்துவிட்டு அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்து, கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, அம்மாவை உட்காரவைத்துக் கிளம்பினார். இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. அண்ணனும் நானும் பக்கத்து வீட்டில்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். காலையில் கேதம் சொன்னவர் திரும்பிப் போய், பஸ் ஓடவில்லை, மகள் வர வழியில்லை என்று சொல்லியிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டுமே. அம்மா கடைசியாக முகம் பார்க்கவில்லை.

புறநானூற்றில் 194-ஆம் பாட்டு ஒன்று உண்டு. ஒரு வீட்டில் சாவுக்குக் கொட்டும் நெய்தற்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மண முழவு ஒலிக்கிறது, இப்படி உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் வைதிருப்பார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்குத் தோன்றியது: அன்று எல்லா வீட்டிலும் ஒரே பறை. நாடே அழும்போது எங்கள் அம்மாவின் அழுகையைக் கேட்க ஆள் இல்லை.

24 டிசம்பர், இரவு

அண்ணன் இதையெல்லாம் படித்துவிட்டு போன் செய்தான். படித்ததுமே திருத்தினான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். ஆகவே திருத்தம்.

"அன்னிக்கு ஊர்ல ஒரு கடைகூட திறக்கல. அப்பா கடை மூணு நாள் ஷட்டர் ஏத்தல. அஞ்சு ரேடியோ எங்கேர்ந்து பாடுச்சு? நீ பக்கத்து வீட்டு அத்தை மடியில படுத்துக்கிட்டு இருந்த. அத்தை வீட்டு ரேடியோ ஒண்ணுதான் பாடுச்சு. அதுவும் ஷெனாய் இல்ல, வயலின்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈய வாசனை? டயல் நூல் அறுந்த செட்? முக்கால் மணி நேரம் பேசினோம். கடைசியில் அவனே கண்டுபிடித்தான். 1991. ராஜீவ் காந்தி இறந்து கடை மறுபடி திறந்த பிறகும் ரேடியோவில் சோக இசை நிற்கவில்லை. அப்போது எனக்குக் கோடை விடுமுறை, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடையிலேயே இருப்பேன். ஐந்து ரேடியோ அந்த மே மாதத்தில்தான்.

25 டிசம்பர்

ராத்திரியெல்லாம் அதே யோசனை. மேலே எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நான் பொய் எழுதவில்லை. அந்த ஸ்டூல், அந்த வாசனை, அந்தச் சத்தம் எல்லாம் நடந்தது. ஆனால் நடந்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதில் கேட்டது அத்தை வீட்டு வயலின், அதில் ஒரு இழைகூட எனக்கு ஞாபகம் இல்லை. நாலு வருஷம் கழித்து ஐந்து ரேடியோவில் ஷெனாய் கேட்டபோது அம்மாச்சி சாவு திரும்ப வந்திருக்க வேண்டும். வந்த சாவு அந்தச் சத்தத்திலேயே குடியேறிவிட்டது. பழைய நாள் போய்விட்டது, புது நாள் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஆக, என்னை அழவைக்கும் ஷெனாய் அம்மாச்சி இறந்த அன்று வாசிக்கப்படவே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது அழுகை வராது என்று நினைத்து இப்போது ஒரு ஐந்து நிமிஷம் போட்டுக் கேட்டேன். வந்தது.

28 டிசம்பர்

லக்னோவில் ஷெனாய் கேட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2016. உடன் வேலை பார்த்தவரின் மகள் கல்யாணம். மண்டப வாசலில் சின்ன மேடை போட்டு ஷெனாய்க்காரர் இரண்டு பேர், நகாரா மேளம் அடிக்க ஒருவர். உள்ளே காது கிழிய டிஜே. வாசலில் அவர்களைக் கேட்க யாரும் நிற்கவில்லை. நான் நின்றேன். முதல் இழுப்பிலேயே கண் நிறைந்துவிட்டது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் பரிசுப் பொட்டலம், நின்றுகொண்டு அழுகிறேன். பெண்ணின் பாட்டி பார்த்துவிட்டார். அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ சொன்னார். நண்பர் மொழிபெயர்த்தார்: "பொண்ணு புறப்படற நேரத்துக்கு இன்னும் இருக்கு, இப்பவே அழக்கூடாது." அவர்களுக்கும் ஷெனாயும் அழுகையும் சேர்ந்துதான் வருகிறது. பிறந்த வீட்டை விட்டுப் பெண் புறப்படும் பிதாயி நேரத்து அழுகை அது. என் அழுகையை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார் பாட்டி.

அந்தக் கையின் சூடு ஞாபகம் இருக்கிறது. நான் திருத்தவில்லை. அன்று அம்மாச்சிக்காக அழுதேன் என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

வாசித்தவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அழுகிற அவசரத்தில் அது தோன்றவே இல்லை.

29 டிசம்பர்

ஒப்பாரியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: ஒப்பாரியை நான் சோக இசையில் சேர்க்க மாட்டேன். சோக இசை கேட்பதற்கு. ஒப்பாரி பாடுகிறவளுக்கு. எங்கள் பக்கத்தில் தாலாட்டு பாடின வாய்தான் ஒப்பாரியும் வைக்கும். இழுப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், கவனித்துப் பாருங்கள். தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒருத்தி இழுத்த அடியை இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். அதில் சண்டை வரும், சொத்துக் கணக்கு வரும், அண்ணன் செய்யாத சீர் வரும்.

அம்மா ஒப்பாரி வைத்து நான் கேட்டதில்லை. அப்பா 2009-இல் இறந்தபோதுகூட வைக்கவில்லை. சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மாச்சிக்காவது வைத்தாரா? எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தவர் யாரைக் கட்டிக்கொண்டு பாடியிருப்பார்? பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேட்கிறேன்.

16 ஜனவரி 2025

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். மாட்டுப் பொங்கல் நேற்று முடிந்தது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கண் மங்கல், காது தெளிவு.

நேற்று மத்தியானம் கரும்பு வெட்டிப் போட்ட தட்டை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். டிவியில் அந்தப் பாட்டு வந்தது. அந்தத் துள்ளல் பாட்டு. அம்மா எழுந்தார். அண்ணன் "சிவாஜி ரசிகை..." என்று ஆரம்பித்தான். நான் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொல்லையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

அம்மாச்சி செத்த அன்று ரேடியோவில் என்ன வாசித்தார்கள், ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். இந்தக் கேள்வியைத்தான் கொண்டுவந்திருந்தேன்.

"ரேடியோவா? எனக்கு எங்கடி ரேடியோ கேட்டுச்சு. உங்கப்பா பாடுனதுதான் கேட்டுச்சு" என்றார்.

அப்பா பாடுவாரா? அப்பா பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், முடிந்தவரை. ஊரைத் தாண்டியதும் அம்மா கேரியரில் உட்கார்ந்தபடி ஓவென்று அழுதிருக்கிறார். அப்பாவுக்குத் திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் சைக்கிள் சாய்ந்துவிடும். எதிரே காற்று. கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் மிதித்திருக்கிறார். அப்புறம் அந்தப் பாட்டை எடுத்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு, மிதிக்கிற மிதிக்கு ஒரு வார்த்தையாக. வழியில் கூட்டம் நின்ற இடத்தில் நிறுத்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தாண்டினதும் மறுபடி ஏறி மறுபடி அதே பாட்டு. பாதி வழியில் செயின் கழன்றிருக்கிறது. மாட்டிவிட்டு, கறுப்பு மசிக் கையோடு அம்மாவை ஏற்றியதில் முந்தானையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. அந்தச் சேலையோடுதான் போய் இறங்கியிருக்கிறார். ஆத்தாளைத் தூக்கிவிட்ட வீட்டில், சம்பந்தி வீட்டுப் பெண்கள் முதலில் பார்த்தது அந்தக் கறையைத்தான் என்றார்.

"தலைவர் போயிட்டாருன்னு பாடுனாரா, எங்கம்மா போயிட்டாங்கன்னு பாடுனாரா, நான் கேக்கல. அவரும் சொல்லல. அப்புறம் ஒருநாளும் பாடல."

இத்தனை வருஷம் சிவாஜி ரசிகை என்று கேலி செய்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க, அதை எதுக்குக் கெடுக்கணும்" என்றார்.

எந்தப் பாட்டு என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அம்மாவுடையது அது. உங்களில் பலர் அந்தப் பாட்டைப் போட்டு வண்டி ஓட்டுவீர்கள், ஆடுவீர்கள், நானும் ஆடியிருக்கிறேன். அப்படியே ஆடுங்கள்.

ஹாலில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிட்டான், எங்களைத் தேடி வந்து நிலைப்படியில் நின்றான். இரண்டாவது சரணம் ஆரம்பித்தது. அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இந்த அடியெல்லாம் உங்கப்பாவுக்குத் தெரியாது. மொத சரணத்தையேதான் மதுக்கூர் வரைக்கும்."